காத்மாண்டுக்கு ‘ஏ’ சீட்

கேள்வி: நவம்பரில் குடும்பத்தோடு டெல்லி வழியாகக் காத்மாண்டு போகிறோம். எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் எவரெஸ்ட் தெரியும்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: டெல்லியிலிருந்து போகும்போது இடது பக்கம், ‘ஏ’ சீட். திரும்பும்போது வலது பக்கம், ‘எஃப்’. விமானம் கிழக்கே போகிறது, இமயமலை வடக்கே இருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் எவரெஸ்ட் மேல் ரொம்ப ஆசை வைக்காதீர்கள். அது காத்மாண்டுக்கும் கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நீங்கள் அதற்கு முன்பே இறங்கிவிடுவீர்கள். தூரத்தில் ஏதோ ஒரு முனையைக் காட்டி ‘அதுதான் எவரெஸ்ட்’ என்று பக்கத்து சீட்டுக்காரர் சத்தியமே செய்தாலும் நான் நம்பமாட்டேன்.

அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். உங்கள் ஜன்னல் பக்கம் முதலில் தௌலகிரி (8,167 மீட்டர்), அப்புறம் அன்னபூர்ணா, அப்புறம் மனாஸ்லு என்று எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய மலைகளாகவே வரும். முதல் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி ஒன்று தெரிந்தால் அது காளி கண்டகி ஆறு அறுத்த பள்ளத்தாக்கு, சாளக்கிராமம் கிடைக்கிறதே, அதே ஆறு. முக்திநாத்தும் அந்தப் பக்கம்தான், மாமியாரையும் கூட்டிப்போவதாக இருந்தால் அவரை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

எவரெஸ்டேதான் வேண்டும் என்றால், மலை பார்ப்பதற்கென்றே காத்மாண்டுவிலிருந்து காலையில் ஒரு மணி நேரச் சுற்று விமானங்கள் விடுகிறார்கள். காசு செலவுதான், ஆனால் வந்த வேலை முடியும்.

வரிசையும் முக்கியம். ஏர்பஸ் 320-இல் ஏறக்குறைய 9-இலிருந்து 20 வரை இறக்கை கீழே மறைத்துக்கொள்ளும். இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால் எஞ்சின் விடும் சூடான காற்றில் காட்சி கொஞ்சம் கலங்கும், அதனால் என் ஓட்டு முன் வரிசைக்கு. அது விலை கூடுதல் என்றால் ஆகக் கடைசி வரிசைகள் பரவாயில்லை. காலை விமானமாகப் பாருங்கள், நேரம் ஆக ஆக மலைமேல் மேகம் ஏறிவிடும். நவம்பர் நல்ல மாதம், மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். வெயில் தெற்கிலிருந்து விழுவதால் உங்கள் பக்கம் கண் கூசாது, மலையும் பளிச்சென்று இருக்கும்.

கேள்வி: ஜன்னல் சீட் என்று கூடுதலாகக் காசு வாங்கிவிட்டு வெறும் சுவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இது என்ன நியாயம்?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: நியாயம் இல்லைதான். ஜன்னலுக்கான இடைவெளியை விமானம் செய்பவர் முடிவு செய்கிறார், சீட்டுக்கான இடைவெளியை விமான நிறுவனம் முடிவு செய்கிறது, இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. போயிங் 737 விமானங்களில் இறக்கைக்குச் சற்று முன்னால் ஏசி குழாய் சுவருக்குள் மேலே ஏறும் இடத்தில் ஜன்னலே வைப்பதில்லை. காசு கட்டும் முன் அந்த விமானத்தின் சீட் வரைபடத்தை இணையத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள், ‘ஜன்னல் இல்லை’ என்று பயணிகளே குறித்து வைத்திருப்பார்கள்.

கேள்வி: விமான ஜன்னல் வழியாக எடுக்கும் படத்தில் என் முகமே தெரிகிறது, என்ன செய்வது?
- வாசகர், சேலம்

பதில்: ஃபிளாஷை அணையுங்கள். ஃபோனைக் கண்ணாடிக்கு மிக அருகில் பிடியுங்கள், ஆனால் அழுத்தவேண்டாம், அதிர்வு படத்தில் வந்துவிடும். சுற்றிலும் ஒரு கறுப்புத் துண்டால் மறைத்துக்கொண்டால் பிரதிபலிப்பு போய்விடும்.