பிரிட்டன் அரசியல் வரலாற்றில் உங்கள் மனதில் நின்ற சம்பவம் எது?

பெரும்பாலானோர் சர்ச்சில், தாட்சர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு இரண்டு துணைக் கொறடாக்கள் ஞாபகம் வருவார்கள்.

1979 மார்ச் 28. பிரதமர் ஜேம்ஸ் கேலகனின் தொழிற்கட்சி அரசுக்குப் பெரும்பான்மை கிடையாது. குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தங்கள். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் அமைக்கும் திட்டமும் மக்கள் வாக்கெடுப்பில் நின்றுபோனது. 'வேண்டும்' என்றவர்கள்தான் அதிகம், ஆனால் மொத்த வாக்காளர்களில் தேவைப்பட்ட 40 சதவீதத்தைத் தொடவில்லை. கோபம் கொண்ட ஸ்காட்லாந்து தேசியக் கட்சி எதிரணியோடு சேர்ந்தது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வெட்டப்படும் வான்கோழிகளே அது சீக்கிரம் வரட்டும் என்று ஓட்டுப் போடுகின்றன என்று கேலகன் கிண்டலடித்தார். (அடுத்த தேர்தலில் அந்தக் கட்சி 11 இடங்களிலிருந்து 2-க்கு வந்தது!)

சரி, நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆள் கணக்குப் பார்த்தால் ஒரு ஓட்டு இடித்தது. தொழிற்கட்சியின் ஆல்ஃபிரட் பிராட்டன் சாகக் கிடந்தார். ஆம்புலன்ஸில் கொண்டுவந்து நாடாளுமன்ற வளாகத்தில் நிறுத்தினாலே அவர் ஓட்டு சேரும். வழியிலேயே உயிர் போகலாம் என்று மருத்துவர்கள் சொன்னதால், கேலகன் வேண்டாம் என்றுவிட்டார்.

ஒரு பக்கம் ஒருவர் வர முடியாவிட்டால், எதிர்ப்பக்கமும் ஒருவர் ஓட்டுப் போடாமல் ஒதுங்குவது அங்கே வழக்கம். ஆளுங்கட்சித் துணைக் கொறடா வால்டர் ஹாரிசன் அதைக் கேட்டு, தாட்சர் தலைமையிலான எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் துணைக் கொறடா பெர்னார்ட் வெதரில்லிடம் போனார். ஆட்சியையே தீர்மானிக்கும் ஓட்டுக்கு அந்த வழக்கம் செல்லாது, என் கட்சியில் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள் என்றார் வெதரில். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் நானே ஓட்டுப் போடாமல் இருக்கிறேன் என்றார்.

செய்திருந்தால் அவர் அரசியல் வாழ்க்கை அன்றோடு முடிந்திருக்கும். ஹாரிசனுக்கும் அது தெரியும். வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

முடிவு 311-310. ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. வெதரில் விலகியிருந்தால் சமநிலை. மரபுப்படி சபாநாயகரின் ஓட்டு அரசைக் காப்பாற்றியிருக்கும். ஐந்தாம் நாள், ஏப்ரல் 2-இல், பிராட்டன் இறந்தார். மே 3 தேர்தலில் தாட்சர் ஜெயித்தார்.

இதில் ஹாரிசன் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வெதரில் தரத் துணிந்தது தன் பதவியை. ஹாரிசன் கையிலிருந்தது சொந்தக் கட்சியின் ஆட்சி.

அப்புறம், தையல் தொழில் குடும்பத்திலிருந்து வந்த அந்த வெதரில் 1983-இல் சபாநாயகரானார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு தையல் விரலுறை வைத்திருப்பாராம்.