கூரையைக் கழற்றும் கார்

கேள்வி: கூரை நிலையாக இருக்கும் கூபே, கூரை முழுக்கத் திறக்கும் கன்வர்டிபிள் இரண்டும் இருக்க, கூரையை மட்டும் கழற்றும் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு?
- வாசகர், கோத்தகிரி

பதில்: எனக்கு அந்த வகைதான் உயிர். 1965-ல் அறிமுகமான போர்ஷே 911 டார்காவைப் பாருங்கள். சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்திலிருந்து வந்த பெயர். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க, இருக்கைக்குப் பின்னால் அகலமான வளைவு நிற்கும். பழைய டார்காக்களில் தலைக்கு மேல் உள்ள பலகையைக் கழற்றி டிக்கியில் வைத்துவிடலாம். முழுக்கத் திறந்த கன்வர்டிபிளில் பாடி கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், கொண்டை ஊசி வளைவுகளில் அது தெரியும். கூபே முறுக்காமல் உறுதியாக நிற்கும், சரி, ஆனால் வானம் ஏது?

நண்பரின் பழைய டார்காவில் ஒரு மார்ச் காலை குன்னூரிலிருந்து உங்கள் ஊருக்கு வந்தேன். யூகலிப்டஸ் வாசனை, அப்புறம் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாடும் மணம், எல்லாம் மேலிருந்து இறங்கியது. வழியில் மஞ்சு மூடியதும் இறங்கிக் கூரையை மாட்டினோம்.