நார்வே போக சேமிப்புத் திட்டத்தை முடிக்கலாமா, ஈஎம்ஐ எடுக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியை, வயது 62. கணவருக்கு 65, தனியார் மில்லில் வேலை பார்த்தவர். இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது நலமாக இருக்கிறார். சொந்த வீடு, கடன் எதுவும் இல்லை. என் பென்ஷன் மாதம் 54,000 ரூபாய். வீட்டுச் செலவு 45,000-க்குள் முடிந்துவிடும். சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் 25 லட்சம் (8.2% வட்டி, போட்டு இரண்டரை வருடம் ஆகிறது), வங்கி எஃப்.டி. 8 லட்சம் (அடுத்த ஜூலையில் முதிர்வு), சேமிப்புக் கணக்கில் மூன்றரை லட்சம், பங்குச் சந்தை ஃபண்டில் 4 லட்சம் இருக்கிறது. நார்வேயில் மலை ரயில், ஃபியோர்ட் (மலைகளுக்கு நடுவே புகுந்த கடல்) படகு, கடலோரக் கப்பல் என்று ஒரு சுற்றுலா போக எங்கள் இருவருக்கும் ரொம்ப நாள் ஆசை. ஒரு டிராவல்ஸில் ஒன்பது இரவுக்கு, இரண்டு பேருக்கு 8.4 லட்சம் சொல்கிறார்கள். மாதம் 39,500 வீதம் 24 மாத ஈஎம்ஐ உண்டு, வட்டி வருடத்துக்கு ஆறரை சதவீதம்கூட வராது என்கிறார்கள். அட்வான்ஸாக 10,000 கட்டிவிட்டோம். ஈஎம்ஐ எடுக்கலாமா, இல்லை சேமிப்புத் திட்டத்தை முடித்து மொத்தமாகக் கட்டலாமா? இந்த வயதில் இது வீண் செலவா? நாங்கள் சைவம்.

பதில்: டீச்சர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீண் செலவு இல்லை, தாராளமாகப் போகலாம். உங்கள் கையிருப்பு இந்தப் பயணத்தைத் தாங்கும். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டு வழியும் வேண்டாம்.

ஈஎம்ஐயைப் பார்ப்போம். 39,500-ஐ 24-ஆல் பெருக்கினால் 9,48,000. அதாவது வட்டி மட்டும் 1,08,000. இதை 8.4 லட்சத்தால் வகுத்து, இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் ஆறரைக்குச் சற்றுக் கீழே வரும்; அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது ஃப்ளாட் வட்டிக் கணக்கு. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் முழு 8.4 லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் வட்டி கிட்டத்தட்ட 12 சதவீதம். கணக்கு டீச்சராக இருந்திருந்தால் நீங்களே கரும்பலகையில் போட்டுக் காட்டியிருப்பீர்கள். போதாததற்கு, 54,000 பென்ஷனில் 39,500 போனால் வீட்டுச் செலவுக்கு 14,500-தான் மிஞ்சும். மீதியை எதை உடைத்து எடுப்பீர்கள்?

சேமிப்புத் திட்டத்திலும் கை வைக்காதீர்கள். அதில் வேண்டிய அளவு மட்டும் எடுக்க வழியில்லை. கணக்கையே முடிக்க வேண்டும். இரண்டு வருடம் தாண்டியதால் 1 சதவீதம், அதாவது 25,000 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய இழப்பு வேறு: நீங்கள் போட்ட அன்றைக்கு இருந்த 8.2 சதவீதம் ஐந்து வருடத்துக்கும் மாறாது. முடித்துவிட்டு மீதியைத் திரும்பப் போட்டால், அன்றைக்கு என்ன வட்டியோ அதுதான். எஃப்.டி.யையும் இப்போது உடைத்தால் வட்டியில் ஒரு சதவீதம் வரை குறைப்பார்கள். நடுவில் திடீரென்று மொத்தப் பணம் தேவைப்பட்டால் அதே எஃப்.டி. மேல் ஓவர்டிராஃப்ட் வாங்கிக்கொள்ளலாம்; வைப்பு வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடும்.

அப்படியானால் பணம் எங்கிருந்து? உங்கள் சேமிப்புத் திட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 51,250 ரூபாய் கொடுக்கிறது. பென்ஷனிலேயே குடும்பம் நடப்பதால் அந்தத் தொகை சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறது. பயணத்தை அடுத்த ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளுங்கள். அதற்குள் ஜூலை, அக்டோபர், ஜனவரி, ஏப்ரல், மறுபடி ஜூலை என ஐந்து தவணை வந்துவிடும், 2,56,250 ரூபாய். சேமிப்புக் கணக்கிலிருந்து இரண்டரை லட்சம் எடுத்தால் ஐந்து லட்சத்தைத் தாண்டியாயிற்று. துண்டு விழுவதை ஜூலையில் முதிரும் எஃப்.டி.யின் வட்டியிலிருந்து எடுத்து, அசல் 8 லட்சத்தைத் திரும்பப் போட்டுவிடுங்கள். ஃபண்டைத் தொட வேண்டாம். திரும்பி வந்து இறங்கும்போது சேமிப்புக் கணக்கில் எடுத்தது தவிர மற்ற அசலெல்லாம் இருந்த இடத்தில் இருக்கும்.

'ஐந்து லட்சம் எப்படிப் போதும், அவர்கள் எட்டு லட்சம் சொல்கிறார்களே' என்று கேட்பீர்கள். நார்வே பயணத்தில் வெளியே தெரியாத விஷயம் இதுதான்: அங்கே நீங்கள் பார்க்கப்போகும் காட்சிகளில் பெரும்பகுதிக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஓஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் ரயில், 1909-இல் முழுவதுமாகத் திறக்கப்பட்ட சாதாரணப் பயணிகள் ரயில். மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் ஏறும் அதே பெட்டி, மரமே முளைக்காத பீடபூமி வழியாக 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்செ நிலையத்துக்கு ஏறி இறங்குகிறது. பெர்கனிலிருந்து வடக்கே கிளம்பும் கடலோரக் கப்பல் 1893 முதல் ஓடுகிறது. இன்றைக்கும் அரசு ஒப்பந்தத்தின் கீழ் 34 துறைமுகங்களில் சரக்கையும் உள்ளூர் ஆட்களையும் ஏற்றி இறக்குகிறது. செலவை ஏற்றுவது படுக்கையும் சாப்பாடும்தான். பேக்கேஜில் நீங்கள் அதிகம் கொடுப்பது பெரும்பாலும் அந்த இரண்டுக்கும், கூடவே வரும் பஸ்ஸுக்கும் வழிகாட்டிக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, ஃப்ளோம் ரயில். மிர்டாலில் 866 மீட்டர் உயரத்தில் கிளம்பி, இருபது கிலோமீட்டரில் கடல் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. இருபது சுரங்கங்கள். ஊட்டி மலை ரயிலுக்கு இருப்பதுபோல் பல்சக்கரமும் கிடையாது. வெறும் தண்டவாளத்திலேயே பதினெட்டுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்குகிறது. நடுவில் அருவிக்குப் பக்கத்தில் நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுவார்கள், சாரல் முகத்தில் அடிக்கும். இது சுற்றுலாக்காரர்களுக்கான ரயில், விலையும் அப்படித்தான். ஓஸ்லோ–பெர்கன் முழுத் தூரத்துக்கு முன்கூட்டி எடுக்கும் மலிவு டிக்கெட்டைவிட இந்த ஒரு மணி நேரத்துக்குக் கூடுதலாகக் கேட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். கொடுக்கலாம், தப்பில்லை.

வழி இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஓஸ்லோவிலிருந்து மிர்டால், அங்கிருந்து ஃப்ளோம். அங்கே ஓர் இரவு தங்கி, மறுநாள் குட்வாங்கனுக்கு இரண்டு மணி நேரப் படகு. அது போகும் நெரோய்ஃபியோர்ட் 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது; குறுகிய இடத்தில் அகலம் 250 மீட்டர்தான் இருக்கும். பிறகு வோஸுக்கு பஸ், அங்கிருந்து பெர்கனுக்கு ரயில். பெர்கனில் மாலைக் கப்பல் ஏறினால் காலையில் ஓலெசுண்ட். கடைசித் துறைமுகம் வரை டிக்கெட் எடுக்கத் தேவையில்லை, ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு மட்டும் கொடுப்பார்கள். உங்களுக்கு அந்த ஓர் இரவு போதும். ஓலெசுண்டிலிருந்து பஸ்ஸில் ஓண்டல்ஸ்நெஸ். அங்கிருந்து டொம்போஸ் வரை 114 கிலோமீட்டர் ரௌமா ரயில். கூட்டமெல்லாம் ஃப்ளோமில்தான் முட்டுகிறது; என்னைக் கேட்டால் ரௌமாவுக்குத்தான் முதல் இடம். டொம்போஸில் மாறினால் ஓஸ்லோ.

இந்தச் சுற்றுக்கு நான் போட்டுப் பார்த்த உத்தேசச் செலவு இருவருக்கும் சேர்த்து இவ்வளவு. சென்னையிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாக விமானம் 1.7 லட்சம். விசா, காப்பீடு 30,000. ரயில், ஃபியோர்ட் படகு, பஸ் எல்லாம் 70,000. கப்பலில் ஓர் இரவு அறையோடு 40,000. எட்டு இரவு தங்க 1.28 லட்சம். சாப்பாடு 60,000, சில்லறைச் செலவு 30,000. மொத்தம் 5.28 லட்சம், கைக்காவலாக இன்னொரு ஐம்பதாயிரம் சேர்த்து 5.8 லட்சம் என்று வையுங்கள். நார்வே நாணயமான குரோனைப் பத்து ரூபாயாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக்கு 60,000 என்பது சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்தால்தான். ஹோட்டல் உணவகத்தில் ஒரு வேளைக்கு ஆளுக்கு 2,500 ரூபாய் சாதாரணம். ஹோட்டல் வாடகையில் காலைச் சாப்பாடு பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அதை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ராத்திரிக்கு சூப்பர் மார்க்கெட் அரிசியும் தயிரும் போதும். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் அடைத்திருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போகலாம். நெய் வேண்டாம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியேயிருந்து பால் பொருள் கொண்டுவர அங்கே தடை.

இனி, பணத்தை எந்த வரிசையில் கட்டுவது என்பது. இங்கேதான் பலருக்கும் காசு போகிறது. முதலில் இலவசமாக ரத்து செய்யக்கூடிய தங்குமிடங்களைப் பதிவு செய்யுங்கள். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கன் விசாதான் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா). பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ. மார்ச்சிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். விசா கைக்கு வந்த பிறகே ரயிலின் மலிவு டிக்கெட்டுகளை எடுங்கள். அவை எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் தீரும், எடுத்தால் பணம் திரும்பாது. விமான டிக்கெட்டையும் விசாவுக்கு முன் எடுப்பதென்றால் ரத்து செய்யக்கூடியதாகப் பாருங்கள். 'என்டுர்' என்ற செயலியில் எல்லா ரயில் நிறுவனங்களின் நேரமும் ஒரே இடத்தில் கிடைக்கும். இந்த வேலையையெல்லாம் வீட்டில் இளையவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் விட்டுவிடலாம்.

பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். 2026 பட்ஜெட்டில் இதை 2 சதவீதமாகக் குறைத்தார்கள், 8.4 லட்சத்துக்கு 16,800. உங்கள் பென்ஷனும் வட்டியும் சேர்ந்து வருடத்துக்கு ஒன்பது லட்சம் சொச்சம், புதிய வரி முறையில் வரி வராது. ஆகவே கணக்குத் தாக்கல் செய்தால் முழுதும் திரும்பிவிடும், அதுவரை முடங்கிக் கிடக்கும். தனித்தனியாகப் பதிவு செய்தால், பத்து லட்சத்துக்குள் இந்தத் தொல்லை இல்லை.

கார்டு விஷயத்தில் கவனம். அங்கே ரொக்கம் கிட்டத்தட்ட தேவைப்படாது. சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்த்து 4.13 சதவீதம் போகும். ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டி ஏற்றி வைக்கும் கார்டு) வாங்குமுன் அதில் நார்வே குரோனை ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். யூரோவை ஏற்றிக் குரோனில் செலவழித்தால் மாற்றுக் கட்டணம் தனி. மார்க்கப், அதாவது அந்த வெளிநாட்டுச் செலவுக் கட்டணம் இல்லாத கார்டு கிடைத்தால் அதுவே மேல். கடையில் மெஷின் ரூபாயா, குரோனா என்று கேட்டால் குரோனையே அமுக்குங்கள்.

காப்பீட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். விசாவுக்கு 30,000 யூரோ பாலிசி போதும், ஆனால் உங்கள் கணவருக்கு அது போதாது. ஸ்டென்ட் வைத்ததை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிராபத்து நேரத்தில் கவர் உண்டா, அறுபது வயதுக்கு மேல் இவ்வளவுதான் தருவோம் என்று உள் வரம்பு ஏதும் போட்டிருக்கிறார்களா என்று பாலிசியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இதற்காகப் பத்தாயிரம் கூடினாலும் கைக்காவல் தொகையில் அடங்கும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஓஸ்லோவில் இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் புயல் வெள்ளத்தில் ரிங்கபு பக்கம் ரயில் பாலமே இடிந்து, டொம்போஸ்–ஓஸ்லோ வழி பல மாதம் அடைபட்டது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் மாற உங்கள் கணவரால் முடியாது என்றால் மட்டும் பேக்கேஜுக்குப் போங்கள். அப்போதும் ஈஎம்ஐ வேண்டாம்; அடுத்த ஜூலை வரை பொறுத்து எஃப்.டி. முதிர்வுப் பணத்திலிருந்து ஒரு பகுதியை எடுங்கள்.

கட்டிய 10,000-ஐ நினைத்துத் தயங்காதீர்கள். ரத்து விதி என்ன, எத்தனை திரும்பும் என்று இந்த வாரமே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அதுவரை வங்கியின் ஈஎம்ஐ படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.