கண்காட்சிகளும் கந்தல்களும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் குடும்பத்தோடு ஒரு பெருநகரத்துக்கு வந்திருக்கிறோம். கலை பற்றி நான் முறையாக எதுவும் படித்ததில்லை. ஆனால் இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்காட்சி. உலகத்துப் பழம்பொருட்களெல்லாம் சேர்ந்த பெரிய அருங்காட்சியகம் ஒன்று, சமகாலக் கலைக்கென்று தனியாக ஒன்று, போதாததற்குத் தெருவுக்குத் தெரு ஆர்ட் கேலரிகள்.

முதலில் பெரிய அருங்காட்சியகம் போனோம். மதியத்துக்குள் கால் கடுத்து, பார்த்த சிலையையே திரும்பப் பார்ப்பது போல ஆகிவிட்டது. மகளுக்குப் பத்து வயது. ஒவ்வோர் அறையிலும் அவள் பெஞ்சைத்தான் தேடினாள். அடுத்த வாரம் சமகாலக் கலை. அங்கே ஒரு வெள்ளைப் பெண் சிலை, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆளுயரப் பழந்துணிக் குவியலைப் பார்த்து நிற்கிறது. "துவைக்கப் போட்டிருக்கிறார்களா?" என்றார் கணவர். சிரித்தேன். ஆனால் கோபமும் வந்தது. இதற்கா டிக்கெட்? யாரோ நம்மை ஏமாற்றுகிறார்களா, நமக்குத்தான் புரியவில்லையா?

இப்போது மூன்று கண்காட்சிகள் நடக்கின்றன. பழைய ஜப்பானிய மர அச்சுப் படங்கள் (இந்த மாதக் கடைசியில் முடிகிறது), அறை முழுவதையும் ஒரே படைப்பாக அமைக்கும் நிறுவல் கலைக்கு ஒரு பெரிய கண்காட்சி, பிறகு வான்கோவின் ஓவியங்களைச் சுவரிலும் தரையிலும் ஒளியாகப் பாய்ச்சிக் காட்டும் ஒன்று. அலுவலகத்தில் எல்லோரும் மூன்றாவதைத்தான் சொல்கிறார்கள். மரபுக் கலை, சமகாலக் கலை – எதில் தொடங்குவது? படித்துவிட்டுத்தான் போக வேண்டுமா? மகளை அழைத்துப் போகலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கால் வலியிலிருந்து தொடங்குகிறேன். 'எனக்கு ரசனை இல்லை' என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் கால் வலிதான்.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-ல் அருங்காட்சியகக் களைப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காட்சிப் பொருட்களைப் பற்றிச் சின்னச் சின்னக் கேள்விகளை ஒருவரிடம் கொடுத்து, விடை தேடச் சொன்னார். அந்த மனிதர் கண்ணாடிப் பெட்டிகளின் முன் குனிவதையும் குந்துவதையும் கழுத்தை ஒடிப்பதையும் வரிசையாகப் புகைப்படம் எடுத்து வெளியிட்டார். பார்க்க வந்தவர் மேல் தப்பு இல்லை, அடுக்கி வைத்தவர்கள் மேல்தான் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். 2001-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்த ஓர் ஆய்வு, ஓர் ஓவியத்தின் முன் மக்கள் நிற்பது சராசரியாக 27 வினாடி என்று கணக்கிட்டது. பாதிப் பார்வைகள் 17 வினாடிக்குள் முடிந்துவிட்டன. பக்கத்து அட்டையை வாசித்த நேரமும் அதில் சேர்த்தி.

ஆகவே முழு அருங்காட்சியகத்தையும் 'முடிக்க' வேண்டாம். ஒன்றரை மணி நேரம், இரண்டு அறை, நான்கைந்து பொருள். போதும் என்று வெளியே வந்துவிடுங்கள். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற நினைப்புதான் நம்மை அறை அறையாக ஓட விடுகிறது. அந்த ஊரிலேயே வசிக்கிறீர்கள், அடுத்த வாரமும் கட்டடம் அங்கேதான் இருக்கும்.

இனி அந்தத் துணிக் குவியல். யார் செய்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்கள் வர்ணனையைப் பார்த்தால் அது இத்தாலியக் கலைஞர் மிக்கேலாஞ்சலோ பிஸ்டொலெட்டோவின் 'கந்தல்களின் வீனஸ்' ஆகத்தான் இருக்க வேண்டும். வீனஸ் ரோமானியர்களின் காதல், அழகுத் தெய்வம். 1967-ல் முதலில் செய்தார். பிறகு அதே படைப்புக்குப் பல வடிவங்கள் வந்து, பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பிஸ்டொலெட்டோ அந்தக் காலத்தில் கண்ணாடி போலப் பளபளப்பாக்கிய எஃகுத் தகடுகளில் படங்கள் செய்துகொண்டிருந்தார். அவற்றைத் துடைத்துத் துடைத்து மிஞ்சிய கந்தல்கள்தான் இந்தக் குவியலுக்கு ஆரம்பம். அந்த முதல் வீனஸும் பளிங்கு இல்லை. தோட்டத்தில் வைக்க விற்பார்களே, அப்படி ஒரு சிமென்ட் பொம்மை. ஆக, புனிதமான பழங்கலை ஒரு பக்கம், குப்பை ஒரு பக்கம் என்று நமக்குத் தோன்றுவதே கொஞ்சம் பொய். இரண்டுமே மலிவுச் சரக்கு.

சிலையின் பக்கவாட்டில் போய்ப் பார்த்தீர்களா? முகம் துணிக்குள் புதைந்திருக்கும். ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பார்க்கப்படுவதற்கென்றே செய்யப்பட்டு வந்த அழகி, இங்கே நம்மைப் பார்க்கவும் இல்லை, முகத்தைக் காட்டவும் இல்லை. யாரோ உடுத்திக் கழித்த துணிகள் அவள் மேல் சரிகின்றன. அவள் அதைத் தாங்கி நிற்கிறாளா, அதற்குள் ஒளிந்துகொள்கிறாளா? உங்கள் கணவர் சொன்னது அப்படியொன்றும் தப்பான பார்வை இல்லை. துவைக்கப் போட்டது போல இருப்பதால்தான் அது வேலை செய்கிறது. நீங்கள் கோபப்பட்டதோடு விட்டீர்கள். 2023-ல் நேப்பிள்ஸ் நகரச் சதுக்கத்தில் இதன் பெரிய வடிவம் ஒன்றைத் தீ வைத்தே எரித்துவிட்டார்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடி நிறுவினார்கள்.

மரபா சமகாலமா, எதில் தொடங்குவது என்று கேட்டீர்கள். எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆனால் இரண்டுக்கும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றல்ல. பெரிய அருங்காட்சியகத்தில் இருக்கும் பழம்பொருட்களில் அனேகமாக ஒன்றுகூட அருங்காட்சியகத்துக்காகச் செய்யப்பட்டதில்லை. அது இருந்த இடம் தொலைந்துவிட்டது, பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பார்ப்பவர்தான் அந்த இடத்தை மனதுக்குள் திரும்பக் கட்ட வேண்டும். நிறுவல் கலையில் நேர் தலைகீழ். அங்கே அந்த அறைதான் படைப்பு, பொருளை மட்டும் உற்றுப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது.

தொலைந்த இடத்துக்கு நல்ல உதாரணம், இத்தாலிய ஓவியர் துச்சோ வரைந்த 'மாயெஸ்தா' என்ற பெரிய பலிபீட ஓவியம். 1311-ல் சியன்னா நகரத்துப் பேராலயத்துக்கு ஊர்வலமாக எடுத்துப்போய் வைத்தார்கள். முன்பக்கம் மேரி, பின்பக்கம் கிறிஸ்துவின் பாடுகள், சுற்றிலும் சின்னச் சின்னக் கதைப் பலகைகள். 1771-ல் அதை ரம்பத்தால் அறுத்துப் பிரித்தார்கள். பெரும்பகுதி இன்னும் சியன்னாவில் இருக்கிறது, ஆனால் சில துண்டுகள் லண்டன், வாஷிங்டன், நியூயார்க், மாட்ரிட் என்று சிதறிப்போயின. அந்தத் துண்டு ஒன்றின் முன் நிற்பவருக்கு அது சின்ன, அழகான, கொஞ்சம் பொம்மைத்தனமான படமாகத் தெரியும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், மனிதனைவிடப் பெரிய ஒன்றின் ஓரத்தில் அது இருந்தது என்று தெரிந்த பிறகு தங்கப் பூச்சு வேறு மாதிரி மின்னும்.

இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் அரண்மனைப் பித்தளைப் பலகைகள் இன்னோர் உதாரணம். தூண்களில் அறையப்பட்டிருந்தவை அவை. கிட்டே போனால் ஓரங்களில் ஆணித் துளைகள் தெரியும். அட்டையில் '1897' என்று ஆண்டு கண்டால் நின்று யோசியுங்கள், பிரிட்டிஷ் படை அந்த நகரத்தைச் சூறையாடிய வருடம் அது. ஜெர்மனி 2022-ல் தன் அருங்காட்சியகங்களில் இருந்தவற்றின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டு, சிலவற்றைத் திருப்பியும் அனுப்பியது.

சோழர் காலச் செப்புத் திருமேனிகளை உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் பார்க்கலாம். அங்கே நமக்கு ஒரு விசித்திரமான நிலை. உற்சவராக வீதிக்கு வரும்போது பட்டும் மாலையும் நகையும் போக முகமும் கையும்தான் தெரியும். இடையின் வளைவு, முதுகின் ஓட்டம், தொடையில் படிந்த ஆடையின் மெல்லிய கோடுகள் – வாசலில் நின்று கும்பிட்டவர்கள் இதில் எதையும் பார்த்ததில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு வந்த பிறகு எல்லோரும் பார்க்கிறோம். கூடுதலாகக் கிடைத்ததா, பறிபோனதா என்று எனக்கு ஒரு முடிவு கிடையாது. நீங்கள் போனால் பீடத்தைப் பாருங்கள், தண்டு கோத்துத் தூக்குவதற்கான துளைகளோ வளையங்களோ இருக்கும். சிலவற்றில் மூக்கும் இதழும் மழுங்கியிருக்கும். வார்த்தவரின் கைக்குறை இல்லை அது. காலங்காலமாக நடந்த அபிஷேகத்தின் தேய்மானம்.

நிறுவல் கலைக்குப் போகும்போது இந்த வேலையெல்லாம் வேண்டாம். அங்கே உடம்பைத்தான் கொண்டுபோக வேண்டும். லண்டனின் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகம் முன்பு ஒரு மின்நிலையம். அதன் டர்பைன் கூடத்தின் சிமென்ட் தரையில் 2007-ல் கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசலை உண்டாக்கினார். வாசல் பக்கம் மயிரிழை, உள்ளே போகப் போகப் பிளவு. அவ்வளவுதான் கண்காட்சி. உள்ளே விடப்பட்டவர்களுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் நடுவே ஓடும் கோடு அது என்றார்கள். விளக்கம் தெரியாதவர்களும் அதன் ஒரு பக்கமாக நடந்து, தாண்டி, குனிந்து உள்ளே பார்த்தார்கள். கண்காட்சி முடிந்ததும் விரிசலை அடைத்தார்கள், தழும்பு இன்னும் தரையில் தெரிகிறது. 2010-ல் அதே கூடத்தில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 10 கோடி சூரியகாந்தி விதைகளைக் கொட்டினார். ஒவ்வொன்றும் பீங்கான், ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டெசென் நகரத்துக் கைவினைஞர்களின் வேலை. மரபு அறை எங்கே முடிகிறது, சமகால அறை எங்கே தொடங்குகிறது என்று அங்கே கோடு போட முடியாது.

சமகாலக் கலை என்ற பெயரில் வெறும் சரக்கும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விளக்க அட்டை ஒரு பக்கத்துக்கு நீண்டு, பொருளில் பார்க்க ஒன்றும் இல்லையென்றால் தயங்காமல் நகருங்கள். பழம்பொருள் அறைகளிலும் மட்டமான வேலை உண்டு, பழையது என்பதால் நாம் சும்மா இருக்கிறோம்.

படித்துவிட்டுப் போக வேண்டுமா? வேண்டாம், வந்த பிறகு படியுங்கள். அட்டையில் ஆண்டு, செய்பொருள், கடைசி வரி இந்த மூன்றையும் மட்டும் பாருங்கள். கடைசி வரியில்தான் யார் கொடுத்தது, எந்த வருடம் வந்தது என்று இருக்கும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தெருவுக்குத் தெரு இருக்கும் கேலரிகள் பெரும்பாலும் இலவசம். வாங்குபவர் போலத் தெரிய வேண்டும் என்று நினைத்துப் பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு போங்கள், மேஜையில் இருப்பவர் தலை நிமிரக்கூட மாட்டார். பெரிய ஏல நிறுவனங்கள் ஏலத்துக்கு முந்தைய நாட்களில் பொருட்களைப் பொதுமக்களுக்குக் காட்டும், அதற்கும் பெரும்பாலும் கட்டணம் இல்லை. அங்கே பார்க்கும் படம் அடுத்த வாரம் யாரோ ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போய், நம் ஆயுளில் மறுபடி வெளியே வராமல் போகலாம். கலைக் கல்லூரிகளின் ஆண்டு இறுதிக் கண்காட்சியும் நல்ல இடம். பத்தில் எட்டு சுமாராக இருக்கும், மிச்சம் இரண்டுக்காகப் போகலாம்.

வான்கோ ஒளிக்காட்சி: போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பொழுதுபோக்குதானே. ஆனால் அங்கே வான்கோ வரைந்தது எதுவும் இல்லை. 'நட்சத்திர இரவு' (1889) அசலில் 92 சென்டிமீட்டர் அகலம்தான், ஒரு சாப்பாட்டு மேஜையின் அளவுகூட வராது. அதன் விசையெல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள் பிதுங்கி நிற்கும் வண்ணக் கட்டியில் இருக்கிறது. அதைச் சுவரளவுக்கு ஊதினால் வண்ணத்தின் மேடு பள்ளம்தான் முதலில் போகும். உங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் அசல் வான்கோ ஒன்றே ஒன்று இருந்தாலும் அதன் பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் வண்ணத்தின் மேல் எப்படி விழுகிறது என்று மகளுக்குக் காட்டுங்கள்.

முதலில் ஜப்பானிய அச்சுப் படங்களுக்குப் போங்கள். மாதக் கடைசியில் முடிகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, காகிதமும் தாவரச் சாயமும் வெளிச்சத்தில் வெளுக்கும். அதனால் இவற்றைச் சில மாதம் காட்டிவிட்டு, நீண்ட நாள் இருட்டில் வைத்துவிடுவார்கள். அறையும் மங்கலாகத்தான் இருக்கும், கண் பழகச் சற்று நேரம் கொடுங்கள். இவை சுவரில் மாட்டச் செய்தவையும் இல்லை. மலிவாக விற்றவை, கையில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தவை. மை தடவாத கட்டையில் காகிதத்தை அழுத்தி எடுத்த புடைப்பு சிலவற்றில் உண்டு, கிமோனோவின் நெசவு, பனி, பறவையின் இறகு இப்படி. நேராக நின்றால் அது தெரியாது. தலையைச் சாய்த்து, முட்டியை மடக்கிப் பாருங்கள். ஆகாயப் பகுதியில் மரத்தின் ரேகை பதிந்திருக்கும். அதை உங்களுக்கு முன்னால் உங்கள் மகள் கண்டுபிடித்துவிடுவாள், அவள் உயரம் அதற்குத் தோது.

அவளுக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பேனாவைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. பிடித்த ஒன்றை மட்டும் வரையட்டும், பெஞ்ச் கிடைத்தால் உட்கார்ந்தே வரையட்டும். வார நாளில், மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போனால் கூட்டம் குறைவாக இருக்கும்.

அன்புடன்