அம்மாவுடன் பத்துமலை: படி ஏறாமலே பார்க்கலாம்

சுவாமிமலையின் 60 படிகளுக்கே மூட்டுவலியால் திணறும் அம்மா மலேசியாவின் பத்துமலை முருகன் கோயிலில் என்ன செய்வார், சைவச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். அங்கே 272 படிகள், ஏற வைக்காதீர்கள். 140 அடி முருகன் சிலை அடிவாரத்திலேயே நிற்கிறது. படம் எடுக்கும்போது அம்மாவைச் சிலையடியில் நிறுத்த வேண்டாம், எறும்பளவுதான் தெரிவார். சிலையிலிருந்து தள்ளி, உங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி, போனைத் தாழப் பிடித்து எடுங்கள். முகமும் முருகனும் சேர்ந்தே விழும். குரங்குகள் பையைப் பிடுங்கும், கவனம்.

சாப்பாட்டுக்கு கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் வாழையிலைக் கடைகள் இருக்கின்றன. மலாய்க் கடையில் மட்டும் கீரைதானே என்று வாங்கிவிடாதீர்கள். பெலாச்சான் என்ற இறால் விழுதைப் பல பொரியல்களிலும் சம்பலிலும் சேர்ப்பார்கள். அப்புறம், திருச்சியிலிருந்தே கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. சென்னைவரை அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம்.