இசை கேள்வி – பதில்: சாக்ஸும் வயலின்களும்

கேள்வி: கல்யாண பேண்டில் ஆல்ட்டோ சாக்ஸ் (சாக்ஸபோன்) வாசிக்கிறேன். வயலின் கூட்டத்தோடு ஜாஸ் சாக்ஸ் வாசித்த ஆல்பம் ஒன்று சொல்லுங்கள். எதைக் கவனித்துக் கேட்பது?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: அமெரிக்க ஜாஸ் ஆல்ட்டோ சாக்ஸ் கலைஞர் சார்லி பார்க்கரின் 'வித் ஸ்ட்ரிங்ஸ்' (தந்தி வாத்தியங்களோடு) பதிவுகளில் தொடங்குங்கள். முதல் அமர்வு 1949 நவம்பர் 30, நியூயார்க்கில். தயாரிப்பு நார்மன் கிரான்ஸ், அரேஞ்ச்மென்ட் (எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்று எழுதித் தருவது) ஜிம்மி கரோல். அன்று பதிவானவை ஆறு பாட்டுகள். 'சம்மர்டைம்', 'ஏப்ரல் இன் பாரிஸ்', 'ஜஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' என எல்லாமே அமெரிக்காவில் ஊரறிந்த மெட்டுகள். ஆர்கெஸ்ட்ரா என்றதும் ஐம்பது பேரை நினைக்க வேண்டாம். மூன்று வயலின், ஒரு வியோலா (சற்றே பெரிய வயலின்), ஒரு செல்லோ (உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின்), ஹார்ப் (யாழ் போன்றது), ஓபோ (நாதஸ்வரம் போல இரட்டைச் சீவாளி கொண்ட குழல்), பியானோ, பேஸ் (கீழ் ஸ்தாயித் தந்தி வாத்தியம்), டிரம்ஸ், அவ்வளவுதான்.

வயலின் பகுதிகளில் சர்க்கரை சற்றுத் தூக்கல்தான். ஆனால் அவை நீளமாக, அசையாமல் நிற்பதால்தான் பார்க்கரின் வேக சங்கதிகள் ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழுகின்றன. முதலில் 'ஜஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' கேளுங்கள். இரண்டாம் முறை சாக்ஸை விட்டுவிட்டு செல்லோவையும் பேஸையும் மட்டும் பின்தொடருங்கள். அவர் எங்கே மூச்சு விடுகிறார், அந்த இடைவெளியில் யார் நுழைகிறார்கள் என்பது அப்போது பிடிபடும்.

கேள்வி: அதே மாதிரி எங்கள் ஊரில் ஐந்து தந்திக் கலைஞர்களை வைத்துச் செய்யலாமா? கிடைக்கிறவர்கள் எல்லாம் கர்நாடக வயலின் படித்தவர்கள்.
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: செய்யலாம். முதல் வேலை வயலினின் சுருதி. கர்நாடக முறையில் கம்பிகள் ஸ-ப-ஸ-ப என்று நிற்கும். மேற்கத்திய நொட்டேஷனுக்கு ஜி-டி-ஏ-ஈ வேண்டும். ஒத்திகை அன்று காலையில் மாற்றாதீர்கள். தளர்ந்திருந்த மெல்லிய கம்பியை ஒரேயடியாக முறுக்கினால் அறுந்துவிடும், மீதியும் சுருதியில் நிற்காது. இரண்டு நாள் முன்பே ஏற்றிவைத்து, தினமும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கட்டை, அதாவது பாட்டின் ஆதார சுருதி. வயலின் தாளை அப்படியே ஆல்ட்டோக்காரர் கையில் கொடுத்தால் எல்லாம் ஒரு பெரிய ஆறாம் இடைவெளி (ஒன்பது அரை ஸ்வரம்) கீழே ஒலிக்கும். அவருடைய தாளை அத்தனை மேலே தூக்கி எழுத வேண்டும். வயலினுக்குச் சுகமான 2 கட்டையில் (டி) பாட்டை வைத்தால் சாக்ஸ்காரருக்கு ஐந்து ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றும் குறி) வந்து விழும். 4 கட்டை (எஃப்) வைத்தால் அவருக்கு இரண்டு ஷார்ப், வயலினுக்கு ஒரே ஒரு ஃப்ளாட் (அரை ஸ்வரம் இறக்கும் குறி). இருவரும் சண்டையில்லாமல் வாசிக்கலாம்.

சாக்ஸ் மெட்டைப் பாடும் அதே ஸ்தாயியில் முதல் வயலினுக்கும் அதே மெட்டைக் கொடுக்காதீர்கள். சுருதியில் இம்மி பிசகினாலும் இரண்டும் சேர்ந்து அலையடிக்கும். வயலினை ஓர் ஸ்தாயி மேலே வையுங்கள், அல்லது நீண்ட ஸ்வரங்களில் நிறுத்துங்கள். நீண்ட ஸ்வரத்தில் கமகம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஐந்து வில்களும் ஐந்து விதமாக அசைந்தால் கார்டே (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) கலைந்துவிடும்.

மைக் விஷயம்: சாக்ஸின் மணிவாய்க்குள் (விரிந்த முனைக்குள்) மைக்கைத் திருப்பினால் கீழ் ஸ்வரங்கள் மட்டும் முழங்கும். பெரும்பாலான ஸ்வரங்கள் திறந்திருக்கும் துளைகள் வழியே வெளிவருகின்றன. ஒன்றரை அடி தள்ளி, மணிவாய்க்கும் சாவிகளுக்கும் நடுவில் குறி வையுங்கள். தந்திகளுக்கு ஆளுக்கொரு மைக் கட்டாயம். ஒரே ஆல்ட்டோ ஐந்து பேரையும் மூழ்கடித்துவிடும்.

கேள்வி: சேலத்தில் ஒத்திகையில் சரியாக இருந்த சுருதி ஏற்காட்டில் மாலைக் கச்சேரியில் கலைந்துபோகிறது. மலை உயரம்தான் காரணமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: உயரம் இல்லை, குளிர். ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. காற்று மெலிந்திருப்பதால் சுருதி மாறாது. குழலுக்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் சாக்ஸ் ஏறத்தாழ 3 சென்ட் இறங்கும் (100 சென்ட் ஓர் அரை ஸ்வரம்). 10 டிகிரி என்றால் 30 சென்ட், யார் காதுக்கும் தெரியும். வாசிக்கும்போது மூச்சுச் சூடு இதில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடும். தொல்லை என்னவென்றால், அதே குளிரில் வயலின் கம்பி சுருங்கி, சுருதி மேலே போகும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன.

கருவிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் அரங்கிலேயே இருக்க விடுங்கள். சாக்ஸைப் பத்து நிமிடம் வாசித்துச் சூடாக்கிய பிறகே சுருதி சேருங்கள். இறங்கியிருந்தால் மவுத்பீஸை (வாயில் வைக்கும் பகுதியை) நெக் கார்க்கில் (அது செருகும் கழுத்துக் குழாயின் தக்கையில்) ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று உள்ளே தள்ளுங்கள். வயலின்கள் தனியாக வாசிக்கும் இடங்களில் குழல் மறுபடி குளிர்ந்துவிடும். சத்தம் வராமல் உள்ளே ஊதிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். மின் கீபோர்டு மேடையில் இருந்தால் எல்லாரும் அதற்கே சுருதி சேருங்கள், குளிரில் மாறாதது அது ஒன்றுதான்.

கேள்வி: மலைக்குப் போனால் சாக்ஸ் ரீடில் (சீவாளியில்) பூஞ்சணம் பிடிக்கிறது.
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடிவைப்பதால் வருவது. வாசித்ததும் துடைத்து, காற்றுப் புகும் ரீட் பெட்டியில் தட்டையாக வையுங்கள். பூஞ்சணம் பிடித்த ரீடைத் தூக்கி எறியுங்கள், கழுவி வாயில் வைக்க வேண்டாம்.