தொழிற்கூடக் கூரையில் சூரிய மின்சாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நெசவுக்கூட உரிமையாளர், பல்லடம்: எங்கள் தகரக் கூரைக்கு 12 வயதாகிறது. 100 கிலோவாட் போடலாம் என்கிறார்கள். கூரை எடை தாங்குமா?

முதலில் எடைக் கணக்கு. 550 வாட் பேனல் என்றால் 182 வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 28 கிலோ, 2.58 சதுர மீட்டர். அலுமினிய ரெயில், கிளாம்ப், கேபிள் எல்லாம் சேர்த்து ஆறரை டன் வரும். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் பரப்பில் பிரித்தால் சதுர மீட்டருக்கு 14 கிலோதான். ஒழுங்காகக் கட்டிய இரும்புக் கொட்டகைக்கு இது பெரும்பாலும் சிக்கலில்லை.

சிக்கல் காற்றில்தான் இருக்கிறது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி கோவை வட்டாரத்துக்கு வினாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர் என்று அடிப்படைக் காற்று வேகம் கொடுக்கிறது. அழுத்தமாக மாற்றினால் 39-க்குச் சதுர மீட்டருக்கு 93 கிலோ, 50-க்கு 153 கிலோ. கட்டடத்தின் உயரம், சுற்றுப்புறம், கூரையில் பேனல் இருக்கும் இடம் ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு அதிகம். ஆக, கீழே அழுத்துவது 14 கிலோ. மேலே பிடுங்க வருவது அதைப்போலப் பல மடங்கு. 'தாங்குமா' என்பதோடு 'பிடித்துக்கொள்ளுமா' என்றும் கேளுங்கள்.

பிடிப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். குட்டை ரெயிலைத் தகட்டின் மேட்டில் நான்கு திருகால் பிடிப்பது இப்போது வழக்கம். வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் அந்தத் திருகு, தகட்டைத் தாங்கும் குறுக்கு இரும்புச் சட்டமான பர்லினைத் தொடுவதில்லை. பேனல் மீது வரும் இழுப்பு முழுவதும் தகட்டுக்கும், தகட்டைப் பர்லினோடு பிடித்திருக்கும் உங்கள் 12 வருடத்துப் பழைய திருகுகளுக்கும் போகும். அவற்றின் ரப்பர் வாஷர் வெடித்து, தலை துருப்பிடித்திருந்தால் பேனலோடு தகடும் கிளம்பும். பழைய கூரையில் பர்லின் வரை இறங்கும் நீண்ட திருகும் நீள ரெயிலுமே சரி. செலவு கூடும், பரவாயில்லை.

ஒப்பந்தம் போடும் முன்பு, பகல் வெளிச்சத்தில் கொட்டகைக்கு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ஊசித் துளையாக வெளிச்சம் தெரிகிறதா? பர்லின் எங்காவது தொய்ந்திருக்கிறதா? கட்டடத்தின் வரைபடத்தைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுத்து, காற்றுக் கணக்கோடு கையெழுத்திட்ட உறுதிச் சான்று வாங்குங்கள். 'எங்கள் ஆள் பார்த்துவிட்டார்' என்பது சான்று ஆகாது. இன்னொன்று, பேனலுக்கு ஆயுள் 25 வருடம். உங்கள் தகடு இன்னும் ஐந்தாறு வருடத்தில் மாற்ற வேண்டியது என்றால் இப்போதே மாற்றிவிட்டு ஏற்றுங்கள். பிறகு 182 பேனலையும் இறக்கி ஏற்றும் கூலி தகட்டின் விலையை நெருங்கும்.

வேலை நடக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். திருகு தகட்டின் மேட்டில் ஏற வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அல்ல. ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும் வரை முடுக்கினால் போதும். நசுங்கினால் அடுத்த மழைக்கே ஒழுகும். எர்த்துக்கு வெறும் செம்புக் கம்பியைத் துத்தநாக, அலுமினியப் பூச்சுத் தகட்டின் மேல் படுக்க விடாதீர்கள். ஈரம் பட்டால் செம்பு அந்தத் தகட்டை அரித்துவிடும்.

ஆட்களின் பாதுகாப்பும் உங்கள் பொறுப்புதான். கூரையில் ஏறுபவர்கள் விழுவது விளிம்பிலிருந்து மட்டுமல்ல. வெளிச்சத்துக்காகப் பதித்த ஃபைபர் தகட்டில், தூசி படிந்து அடையாளம் தெரியாமல் கால் வைத்தும் விழுகிறார்கள். முதல் நாளே அந்தத் தகடுகளுக்கு மேல் கம்பி வலை போடச் சொல்லுங்கள்.

குடோன் உரிமையாளர், விருதுநகர்: ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் மேல் போடலாமா?

வேண்டாம். அந்தத் தகடு ஆள் நடமாட்டத்தையே தாங்காது. துளையிட்டால் விரிசல் விடும், கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கேடு. தகரத்துக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் கீழே தூண் எழுப்பிக் கூரைக்கு மேல் தனி இரும்புச் சட்டம் கட்ட வேண்டும். அந்தச் செலவைப் பார்த்தால் கூரை மாற்றுவதே பல நேரம் மலிவு.

பின்னலாடைத் தயாரிப்பாளர், திருப்பூர்: மாதம் 12,000 யூனிட் ஓடுகிறது. பகல் ஷிஃப்ட்தான், ஞாயிறு விடுமுறை. 80 கிலோவாட் வேண்டும் என்கிறார் ஒருவர், 50 போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

காலை 9 முதல் மாலை 5 வரை எத்தனை யூனிட் ஓடுகிறது என்பதை முதலில் எடுங்கள். மீட்டரை ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்தால் தெரிந்துவிடும். அது 8,000 என்று வைத்துக்கொள்வோம். 25 வேலை நாள் என்றால் நாளைக்கு 320 யூனிட். நம் ஊரில் 1 கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 320-ஐ நான்கால் வகுத்தால் 80. முதலாமவர் கணக்கு இது.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. உங்கள் சுமை எட்டு மணி நேரமும் ஏறக்குறைய ஒரே சீராக 40 கிலோவாட். சூரிய உற்பத்தி அப்படிச் சீராக வராது. 80 கிலோவாட் அமைப்பு நண்பகலில் 60, 65 கிலோவாட் கொட்டும், மாலை நான்கு மணிக்கு வாடிவிடும். நண்பகல் மிச்சம் மின்வாரியத்துக்குப் போகும். வீட்டு இணைப்புக்கு யூனிட்டுக்கு யூனிட் கழிப்பதுபோல் உங்களுக்குக் கழிக்க மாட்டார்கள். தொழில், வணிக இணைப்புகளுக்கு இங்கே நெட் ஃபீட்-இன் முறை. நீங்கள் தரும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, நீங்கள் வாங்கும் விலையைவிட வெகுவாகக் குறைவு. போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை உற்பத்தி முழுவதும், அதாவது ஏழில் ஒரு பங்கு, அந்தக் குறைந்த விலைக்கே போகிறது.

50 முதல் 55 கிலோவாட் போடுங்கள். நண்பகலில் 40, 44 வரும். அநேகமாக எல்லாம் உங்கள் இயந்திரமே தின்றுவிடும். அடுத்த வருடம் இயந்திரம் கூட்டுவதாக இருந்தால் கேபிள் தடத்தையும் பேனல் போர்டில் ஒரு காலி பிரேக்கரையும் இப்போதே விட்டுவையுங்கள். அனுமதிக்கப்பட்ட மின்சுமையைத் தாண்டிய அளவுக்கு மின்வாரியம் ஒப்புதல் தராது என்பதையும் மறக்காதீர்கள். மின்வாரியத்தின் கம்பித்தடத்தைப் பயன்படுத்துவதற்கு விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள நெட்வொர்க் கட்டணத்தையும் லாபக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். பல கொட்டேஷன்களில் அந்த வரியே இருப்பதில்லை.

நூற்பாலை மேலாளர், திண்டுக்கல்: சோலார் போட்ட பிறகு யூனிட் குறைந்தது. ஆனால் எச்.டி. (உயர் அழுத்த) பில்லில் பவர் ஃபேக்டர் அபராதம் புதிதாக வருகிறது. இன்வெர்ட்டரில் கோளாறா?

பேனலின் டி.சி. மின்சாரத்தை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டரில் கோளாறில்லை. மோட்டார்களுக்கு வேலை செய்யும் மின்சாரத்தோடு (கிலோவாட்) காந்தப்புலத்துக்கான மின்சாரமும் (கேவிஏஆர்) வேண்டும். இரண்டும் சேர்ந்த மொத்தத்தில் (கேவிஏ) கிலோவாட்டின் பங்குதான் பவர் ஃபேக்டர். கணக்கைப் பாருங்கள். ஆலைச் சுமை 200 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.95 என்றால் கூடவே 66 கேவிஏஆர் வேண்டும். சோலார் வருமுன் இரண்டும் ஈ.பி.யிலிருந்து வந்தன. இப்போது சோலார் 120 கிலோவாட் தருகிறது, ஆனால் கேவிஏஆர் தருவதில்லை. ஈ.பி. மீட்டர் பார்ப்பது 80 கிலோவாட், அதே 66 கேவிஏஆர். பவர் ஃபேக்டர் 0.77. ஆலையில் எதுவும் கெடவில்லை, ஆனால் மீட்டரின் கண்ணுக்கு 0.90-க்குக் கீழே போய்விட்டீர்கள்.

'பவர் ஃபேக்டரைத் தானே சரிசெய்யும் ஏ.பி.எஃப்.சி. பேனல் இருக்கிறதே, அது ஏன் சரிசெய்யவில்லை?' என்று கேட்பீர்கள். அதன் ரிலேக்குத் தகவல் தரும் சி.டி. (மின்னோட்டத்தை அளக்கும் கருவி) எங்கே மாட்டியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். சோலார் இணைப்பு ஈ.பி. பக்கமும் சி.டி. அதைத் தாண்டி ஆலைப் பக்கமும் இருந்தால், ரிலேவுக்குத் தெரிவது ஆலைச் சுமை மட்டும். அது 0.95 பார்த்துத் திருப்தியாக உட்கார்ந்திருக்கும். இதுதான் அடிக்கடி நடப்பது. சோலார்காரர் ஏ.பி.எஃப்.சி.யைத் தொடமாட்டார்; ஏ.பி.எஃப்.சி.காரருக்குச் சோலார் வந்ததே தெரியாது.

செய்ய வேண்டியது: சி.டி.யைச் சோலார் இணைப்புக்கு முன்னால், ஈ.பி. மின்சாரம் நுழையும் இன்கமரில் மாற்றுங்கள். மாற்றும்போது அதன் இரண்டு முனையையும் ஷார்ட் செய்த பிறகே கழற்ற வேண்டும். சுமை ஓடும்போது திறந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அடுத்து, கேவிஏஆர் தரும் கெப்பாசிட்டர் போதுமா என்று பாருங்கள். 80 கிலோவாட்டை 0.99-க்குக் கொண்டுவர, இப்போது ஓடுவதற்கு மேல் இன்னும் 54 கேவிஏஆர் வேண்டும். கெப்பாசிட்டர் ஸ்டெப்புகள் (தொகுதிகள்) எல்லாம் 25 கேவிஏஆர் என்று பெரிதாக இருந்தால் ரிலே ஒன்றைச் சேர்ப்பதும் விடுவதுமாக அலையும். 5, 10 கேவிஏஆர் ஸ்டெப் இரண்டு சேருங்கள். விடுமுறை நாளில் மின்சாரம் ஈ.பி.க்குப் போவதாக இருந்தால், மின்னோட்டத்தின் திசையை உணரும் நான்கு-குவாட்ரன்ட் ரிலே வேண்டும். சாதாரண ரிலே திசை திரும்பியதும் குழம்பி, தவறான நேரத்தில் கெப்பாசிட்டரைச் சேர்க்கும்.

இன்வெர்ட்டரே கேவிஏஆர் தருமே என்று சொல்பவர்கள் உண்டு. தரும், இடம் இருந்தால். 125 கேவிஏ இன்வெர்ட்டர் 120 கிலோவாட் ஓடும்போது மிச்சம் 35 கேவிஏஆர்தான். அதற்கு மேல் கேட்டால் யூனிட்டைக் குறைத்துக்கொள்ளும். லீட், லேக் குறியை (கேவிஏஆர் தருவதா, எடுப்பதா என்பதை) மாற்றி வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும், எனவே செட்டிங்கை மாற்றிய கையோடு ஈ.பி. மீட்டரைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு கொசுறு: டிமாண்ட் கட்டணம் பெரிதாகக் குறையும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மாதத்தின் ஒரு மேகமூட்ட நாளோ, ஒரு மாலை நேரமோ போதும், அந்த மாதத்தின் உச்ச கேவிஏ பதிவாகிவிடும்.

உதிரிபாகத் தொழிற்சாலை, ஓசூர்: கரண்ட் போனால் ஜெனரேட்டரோடு சோலாரையும் சேர்த்து ஓட்டலாமா?

கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் கூடாது. கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும், ஈ.பி. வந்துவிட்டது என்று எண்ணி மறுபடி சேர்ந்துகொள்ளும். ஆபத்து அங்கேதான்.

250 கேவிஏ ஜெனரேட்டர் என்றால் 200 கிலோவாட். குறைந்தது 30 சதவீதச் சுமை, அதாவது 60 கிலோவாட், எப்போதும் அதன் மேல் இருக்க வேண்டும். குறைந்தால் டீசல் சரியாக எரியாமல் புகைப்போக்கியில் எண்ணெயும் கரியும் சேரும். ஆலைச் சுமை 150 என்றால் சோலார் 90-க்கு மேல் போகக் கூடாது. பெரிய பிரஸ் ஒன்று நின்று சுமை திடீரென 70-க்கு இறங்கினால் சோலாரும் உடனே 10-க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மிச்ச மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பும். இதைப் பார்த்துக்கொள்ளத்தான் பி.வி.-டி.ஜி. கன்ட்ரோலர். மாதத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் ஜெனரேட்டர் ஓடுகிறதா? கன்ட்ரோலர் செலவே வேண்டாம். ஜெனரேட்டர் ஓடும்போது சோலார் பிரேக்கர் திறந்தே இருக்கும்படி இன்டர்லாக் போடுங்கள்.

ஹோட்டல் உரிமையாளர், மதுரை: எங்களுக்கு மானியம் உண்டா?

இல்லை. 2024-இல் வந்த பி.எம். சூரிய கர் திட்டத்தின் மானியம் வீடுகளுக்கு மட்டும். உங்களுக்குள்ள சலுகை வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானம். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால் அந்த ஆண்டுக்குப் பாதி, அதாவது 20 சதவீதம்தான். அக்டோபர் தொடக்கத்துக்குள் ஓடவிட்டால் முழுதும் கிடைக்கும். மீதத்தை ஆடிட்டரிடம் பேசுங்கள்.

கிடங்குப் பொறுப்பாளர், தூத்துக்குடி: மழை பெய்த மறுநாள் காலையில் இன்வெர்ட்டர் 'ஐசோ ஃபால்ட்' காட்டி நிற்கிறது. 10 மணிக்கு மேல் தானே ஓடுகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். டி.சி. கேபிளிலோ கனெக்டரிலோ ஓரிடத்தில் ஈரம் புகுந்து மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது. வெயில் ஏறிக் காய்ந்ததும் மறைகிறது. செட்டிங்கில் எச்சரிக்கை அளவைக் குறைத்து வாயை அடைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பழுது அப்படியே கிடந்து வளரும், கடைசியில் தீயில் போய் முடியலாம்.

இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை, ஆனால் ஈரம் காயும் முன்பே பார்க்க வேண்டும், பார்ப்பவர் தேர்ந்த எலக்ட்ரீசியனாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டரை நிறுத்தி, டி.சி. சுவிட்சைத் திறந்த பிறகே ஸ்ட்ரிங்குகளை (தொடராக இணைத்த பேனல் வரிசைகளை) கழற்றுங்கள். ஓட்டத்தில் இருக்கும் கனெக்டரை இழுத்தால் தீப்பொறி நீண்டு கையைச் சுடும். 1000 வோல்ட் டி.சி. தாங்கும் மீட்டரால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் பிளஸ்-மைனஸ், பிளஸ்-எர்த், மைனஸ்-எர்த் மூன்றையும் அளந்து பாருங்கள். நல்ல ஸ்ட்ரிங்கில் எர்த் அளவுகள் நிலைக்காமல் இறங்கிவிடும். கெட்டதில் நிலைத்து நிற்கும்.

18 பேனல், மொத்தம் 810 வோல்ட் என்றால் பேனலுக்கு 45. பிளஸ்-எர்த் 225, மைனஸ்-எர்த் 585 காட்டினால், 225-ஐ 45-ஆல் வகுங்கள்: ஐந்து. பிளஸ் முனையிலிருந்து ஐந்தாவது பேனலுக்கும் ஆறாவதற்கும் இடையில் உள்ள இணைப்பைத் தூக்கிப் பாருங்கள். அநேகமாக கனெக்டர் தகட்டின் பள்ளத்தில் தண்ணீரில் கிடக்கும், அல்லது ரெயிலின் கூர்முனை கேபிளை அறுத்திருக்கும். பிளாஸ்டிக் டேக் கட்டியது வெயிலில் நொறுங்கி, கேபிள் தொங்கிவிடுவதே இதற்குக் காரணம். எவர்சில்வர் டை போட்டுத் தூக்கிக் கட்டுங்கள். கனெக்டரை மாற்றும்போது இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் இருக்கட்டும். வேறு வேறு கம்பெனிக் கனெக்டர்கள் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், ஆனால் தொடர்பு சரியாக அமையாமல் சூடேறி உருகும். குறட்டில் நசுக்காமல் அதற்கான கிரிம்பிங் கருவியால் அழுத்தச் சொல்லுங்கள்.

தீவன ஆலை, நாமக்கல்: எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்? போர் தண்ணீர் ஆகுமா?

தீவனத் தூசி பனியில் நனைந்து பசையாகிவிடும். மழை வந்தாலும் போகாது. வாரம் ஒருமுறை கழுவுங்கள். சாதாரண இடத்துக்கு இரண்டு வாரம் போதும். பக்கத்துப் பக்கத்து ஸ்ட்ரிங் இரண்டில் ஒன்றை மட்டும் கழுவி, மறுநாள் நண்பகலில் இரண்டின் ஆம்பியரையும் ஒப்பிட்டால் உங்கள் இடத்துக்கான இடைவெளி பிடிபடும். 5 சதவீதம் வித்தியாசம் வந்தால் கழுவும் நேரம்.

உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படிவம் விடும், அதை எடுக்க ஆசிட் ஊற்றுவார்கள், கண்ணாடிப் பூச்சும் அலுமினியச் சட்டமும் போகும். ஆர்.ஓ. தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ நல்லது. வேறு வழியில்லாமல் போர் தண்ணீர் விட்டால் ரப்பர் வைப்பரால் உடனே வழித்துவிடுங்கள். காலை 7 மணிக்குள் முடியுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிக்கக்கூடும். பேனல் மேல் ஏறி நிற்க விடாதீர்கள், செல்லில் ஏற்படும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சாய்வு 10 டிகிரிக்குக் குறைவான கூரையில் கீழ்ச் சட்டத்தை ஒட்டி ஒரு சேற்றுக் கோடு நிற்கும். அந்தக் கோட்டில் உள்ள செல்கள்தான் சூடேறும், அங்கே மட்டும் பிரஷ்ஷால் தேயுங்கள்.